‘ஜே’ என்பவர் யார்?

மகனைப் பறிகொடுத்த தாயிடம், “அக்கா, உங்களுக்கு முன்னாடி வேற கல்யாணம் ஏதாவது ஆயிருந்ததா?” என்று கேட்டவன் நான். கையிலிருந்த காபியை என் தலையில் ஊற்றாதது அவருடைய பெருந்தன்மை. பழைய பதிவேடுகளைப் புரட்டிக் குடும்ப வரலாறு தேடிக் கொடுப்பது என் தொழில். பதினெட்டு வருட அனுபவத்தில் அவ்வளவுதான் தேறியிருந்தேன்.

விவேக் நகர் ஸ்டெல்லா அக்காவின் மகன் அருள், இருபத்தாறு வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்துவிட்டான். சர்ச் கல்லறையில் இடமில்லையென்று ஊருக்கு வெளியே அடக்கம் செய்தார்கள். அவன் பெயரையாவது தாத்தா சூசையின் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்றார் அக்கா. கல்லறைக் கமிட்டிச் செயலாளர் மறுத்தார். அருளின் அப்பா பெயர் செல்வம். இறப்புச் சான்றிதழில் ‘ஜே. அருள்’.

“செல்வம் பையன்னா எஸ் தானே வரணும்? ஞானஸ்நான ரெஜிஸ்டர்ல இருக்கற செல்வம் மகன் வேற அருள். இந்த ஜே யாரு, ஜேம்ஸா, ஜோசப்பா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார்.

“ஸ்கூல்ல சேர்த்தது என் வீட்டுக்காரர். அடுத்த வருஷமே தவறிட்டாரு. எச்.எம். என்ன எழுதினாரோ, எனக்கென்ன தெரியும்?” என்றார் அக்கா என்னிடம். “அவன் பேரு கல்லுல வரணும் தம்பி. அந்த ஆளு வாயும் மூடணும்.”

நானோ மூன்று வாரம் கோயில் பதிவேடுகளில் ஜேம்ஸ்களையும் ஜோசப்களையும் துரத்தினேன். கன்டோன்மென்ட் பக்கம் அவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவரும் பொருந்தாதபோதுதான் மேற்படிக் கேள்வி.

“அந்த ஆளுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? கிளம்பு.”

கிளம்பினேன். வேறு போக்கிடம் தெரியாமல், அருள் முதல் வகுப்பில் சேர்ந்த ஜோகுபாளையம் பள்ளிக்குப் போனேன். கன்னடக்கார கிளார்க் சேர்க்கைப் பதிவேட்டை விரித்தார். ஒரே வரியில்: ஜே. அருள், தந்தை செல்வம், தாய் ஸ்டெல்லா.

“அப்பா செல்வம்னா ஜே எப்படி சார்?”

பரிதாபமாகப் பார்த்தார். “ஊர் ஹெசரு சார். ஜோகுபாளையம். நாங்க இனிஷியல்ல ஊர்ப் பேரு போடுவோம்ல? பழைய எச்.எம். எல்லாருக்கும் அப்படியே போட்டுட்டாரு.”

இனிஷியல் என்றால் அப்பா என்று நினைக்கிற தமிழன் நான், செயலாளரும் அப்படியே. இத்தனைக்கும் பிறந்ததிலிருந்து இந்தக் கன்னட ஊரில்தான் இருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் பெயருக்கு முன்னால் இரண்டு கிராமங்கள் நிற்கின்றன.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, பதிவேட்டு நகலோடு அவரைக் கமிட்டிக் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். செயலாளர் இரண்டு முறை படித்தார். “சரி, அஃபிடவிட் போட்டு எஸ்-னு மாத்திட்டு வாங்க. பார்க்கலாம்.”

அக்கா எழுந்தார். “மாத்தமாட்டேன். என் புள்ள லைசென்ஸ் எடுத்தது, கையெழுத்துப் போட்டது எல்லாம் அந்த ஜே-யிலதான். ஜேம்ஸான்னு கேட்டீங்களே, இப்ப எல்லார் முன்னாடியும் திரும்பக் கேளுங்க.”

செயலாளர் மின்விசிறியைப் பார்த்தார். மற்றவர்கள் செயலாளரைப் பார்த்தார்கள். அக்கா உட்காரவில்லை. கையெழுத்து விழுந்தது.

சுருக்கமாக வேண்டாம், முழுசாகவே கல்லில் வெட்டச் சொன்னார் அக்கா: ‘ஜோகுபாளையம் அருள், செல்வம் – ஸ்டெல்லா மகன், சூசையின் பேரன்.’

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எழுத்து பொருந்தாவிட்டால், எழுதியவரின் வழக்கத்தை முதலில் விசாரியுங்கள். பெற்றவளைச் சந்தேகிக்கிற உரிமை எந்தப் பதிவேட்டுக்கும் இல்லை.

பெயர் வெட்டிய அன்று அருளோடு படித்த நண்பன் ஒருவன் வந்திருந்தான். என் துப்பறியும் திறமையை அவனுக்கு விரிவாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப் பேரே ‘ஜே பாய்ஸ்’தான் அங்கிள்.”