ஏழாம் நம்பர் காட்டிலிருந்து திரும்பி வந்த போத்தல்கள்

1. டிராக்டரில் வந்தவள்

1984 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை, காலை மணி 11.40. பதினாறு நாளாக மழை இல்லை. க்ளினிக் வராந்தாவில் தொங்கிய தெர்மோமீட்டர் 34 டிகிரி காட்டியது. அந்த நேரத்தில்தான் அஞ்சலையை டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

அப்போது நான் மலேசியாவில் புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் ஹாஸ்பிடல் அசிஸ்டென்டாக இருந்தேன். தோட்டத்து ஆட்களுக்கு நான் ‘டிரஸர் ஐயா’. 612 பேருக்கு எட்டுக் கட்டில், ஒரு மருந்து அலமாரி, பாக்கியம் என்ற ஆயா, நான். டாக்டர் மாதத்துக்கு இரண்டு முறை வருவார். அதில் ஒரு முறை அவசரத்தில் இருப்பார்.

அஞ்சலைக்கு வயது 31. மூன்று பிள்ளைகள். மருந்தடிக்கும் கேங்கில் வேலை செய்தாள். அந்தக் கேங்கில் பதினொரு பெண்கள். களைக்கொல்லி நிரப்பிய 18 லிட்டர் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, காலை ஆறரை முதல் பகல் ஒன்றரை வரை நிரை நிரையாக நடந்து அடிக்க வேண்டும். அன்று அவளுக்குக் காய்ச்சல் 39.8. உடம்பு உதறிக்கொண்டிருந்தது. முதலில் மருந்து விஷமோ என்றுதான் பயந்தேன். இடது விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் லேசாகத் தட்டியதும் சுருண்டுகொண்டாள். கிட்னிதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அரை மணி நேரம் முயன்று அவள் எடுத்துக் கொடுத்த சிறுநீர் 40 மில்லி. பால் ஊற்றாத தேநீரின் நிறம், கலங்கல் வேறு. சோதனைக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினேன். மேலே வெள்ளையாகத் திரண்டது. கிட்னியைத் தாண்டி வரக்கூடாத புரதம் தாண்டி வந்திருக்கிறது என்று பொருள். யூரினோமீட்டர் என்று ஒரு சின்னக் கண்ணாடி மிதவை உண்டு. சிறுநீர் எவ்வளவு கெட்டி என்று அது காட்டும். வெறும் தண்ணீரில் அது 1000 என்ற கோட்டில் நிற்கும். அஞ்சலையுடையதில் 1030-இல் நின்றது.

ஏழு வாரத்தில் அவளுக்கு இது இரண்டாவது முறை. மாவட்ட மருத்துவமனையில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். கூட்டிவரப் போனபோது அங்கிருந்த இளம் டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

“இடது கிட்னியில தழும்பு விழுந்திருச்சி மிஸ்டர். இன்னொரு தடவ இப்படிக் கொண்டுவந்தீங்கன்னா அந்தக் கிட்னிய மறந்துர வேண்டியதுதான். தண்ணி குடிக்க வைங்க. ஒரு நாளைக்கு மூணு லிட்டர். வேற வைத்தியம் ஒண்ணும் இல்லலா.”

2. பெரட்டில் ஒரு பிரசங்கம்

க்ளினிக் பதிவேட்டைப் புரட்டினேன். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதத்தில் மருந்து கேங்கின் பதினொரு பேரில் ஏழு பேர் நீர்க்கடுப்பு என்று வந்திருந்தார்கள். 14 வருகைகள், 23 நாள் எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு. எண்ணெய்ப் பனையின் உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் 38 பேர். அவர்களில் அதே கோளாறுக்கு வந்தது மூன்றே தடவை. ஒரே லயத்து வீடுகள், ஒரே குழாய்த் தண்ணீர். இந்த வித்தியாசத்தைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். ஏன் என்று போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அதற்குப் பதிலாகப் பிரசங்கம் செய்யப் போனேன்.

அஞ்சலை வேலைக்குத் திரும்பிய நாள் ஏப்ரல் 2. காலை 5.45 மணிக்கு, ஆட்கள் வரிசையில் நிற்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் மருந்து கேங்கை மட்டும் நிறுத்திப் பேசினேன்.

“உங்க முதுகுல இருக்கிற பம்பு எத்தன லிட்டர்? பதினெட்டு. உடம்புக்குள்ள கைமுட்டி அளவுல ரெண்டு கிட்னி இருக்கு. ஒரு நாளைக்கு அது ரெண்டும் சேர்ந்து ரத்தத்துலேர்ந்து பத்து பம்பு தண்ணிய வடிகட்டுது. நூத்தி எம்பது லிட்டர். அத்தனையும் வெளிய வந்தா ஆளு செத்துரும். அதனால வேண்டிய உப்பு, சர்க்கரை, தண்ணி எல்லாத்தையும் திருப்பி உறிஞ்சிக்கிட்டு, வேண்டாத அழுக்க மட்டும் ஒண்ணர லிட்டர் தண்ணியில கரைச்சி வெளிய அனுப்புது. நீங்க குடிக்கலன்னா அதே அழுக்கு அரை லிட்டர்ல கெட்டியா வரும்.”

கேங்கில் மூத்தவளான ராக்கம்மா கேட்டாள்: “மருந்து கெட்டியாயி பம்பு அடைச்சா நாங்க கம்பிய விட்டுக் குத்துவோம். இது அடைச்சா எதை விட்டுக் குத்துவீங்க ஐயா?”

பத்துப் பேர் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை.

ஆளுக்கு இரண்டு போத்தல் கொடுத்தேன். 750 மில்லி பிடிக்கும் காலி சர்பத் போத்தல்கள். கழுவிக் கொதிக்க வைத்து, ஆறின தண்ணீர் நிரப்பி, மூடியில் நம்பர் எழுதியிருந்தேன். மொத்தம் 22. அன்று பகல் திரும்பியபோது 19 போத்தல்கள் திறக்கப்படாமலே இருந்தன.

மருந்து பட்ட கையோடு போத்தலைத் தொடப் பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன். நியாயமான பயம்தான். சோப்பும் கை கழுவ ஒரு டின் தண்ணீரும் டிராக்டரில் அனுப்பினேன். கை சுத்தமாயிற்று, போத்தல்கள் நிறைந்தே வந்தன. கொதித்த தண்ணீரின் ருசி பிடிக்கவில்லையோ என்று பார்லி காய்ச்சிச் சர்க்கரை போட்டு அனுப்பினேன். மறுநாள் காலை 22 போத்தல்களும் காலியாக வந்தன. இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் பாக்கியம் சொன்னாள்:

“ஐயா, லயத்துல பிள்ளைங்க எல்லாம் பார்லி குடிச்சிட்டுப் பாயெல்லாம் நனைச்சி வைக்குதுங்க. டிரஸர் ஐயா நல்லா இருக்கணும்னு ஒரே வாழ்த்து.”

அஞ்சலையைக் கூப்பிட்டு அனுப்பினேன். கோபத்தில் இருந்தேன்.

“கிட்னி உன்னோடதா, என்னோடதாம்மா?”

“குடிக்கிறேன்யா” என்றாள், தரையைப் பார்த்தபடி.

“எவ்வளவு?”

“ரெண்டு போத்தலும்.”

சிறுநீர் பிடித்துவர டம்ளரைக் கொடுத்தேன். மிதவை மறுபடியும் 1030-இல் நின்றது. அதை அவளிடமே காட்டினேன். அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

3. பதினொரு முதுகுகள்

ஏப்ரல் 17, செவ்வாய்க்கிழமை. காலையில் இரண்டு கோப்பை கோப்பி குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏழாம் நம்பர் காட்டுக்குப் போனேன். கேங்குக்கு முன்னாலேயே போய் நின்றேன்.

அது 140 ஏக்கர். முன்பு ரப்பர் நின்ற காடு. போன வருடம் அத்தனை மரத்தையும் சாய்த்துவிட்டு எண்ணெய்ப் பனை நட்டிருந்தார்கள். கன்றுகள் முழங்கால் உயரம். மற்றபடி தட்டையான களிமண், நேர்க்கோடாக வெட்டிய வாய்க்கால்கள். இந்தக் கோடியில் நிற்பவன் அந்தக் கோடியில் குனிகிறவளின் சட்டை நிறத்தைச் சொல்லலாம். கேங்கை மேற்பார்க்கும் மண்டோர் சுப்பையா குடையோடு நடுவில் நின்றார்.

ஆறரை முதல் பத்து மணி வரை பார்த்தேன். பதினொரு பேரில் ஒருத்தி வாய் கொப்பளித்துத் துப்பினாள். யாரும் குடிக்கவில்லை.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு நான் குடித்த கோப்பி தன் வேலையைக் காட்டியது. என் கிட்னிகளுக்கு வயது 51. ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தன. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு மண்டோரிடம் போய் மெதுவாகக் கேட்டேன்.

“எங்க சுப்பையா போறது?”

“இங்கனயே அந்தப் பக்கம் திரும்பி நின்னு போங்கய்யா. வேற எங்க போவீங்க, மெயின் ரோட்டுக்கா?”

வேறு வழியில்லை. வாய்க்கால் ஓரம் போய்த் திரும்பி நின்றேன். பம்புகளின் சத்தம் நின்றுவிட்டது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே பதினொரு பெண்களும் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருந்தார்கள். பதினொரு முதுகுகள், பதினொரு பம்புகள். நான் முடித்து நகரும் வரை ஒருத்தியும் அசையவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு அவர்களிடம் போனேன். ராக்கம்மாதான் பேசினாள்.

“ஐயாவுக்கு மூணரை மணி நேரம் தாங்கல. நாங்க அஞ்சு மணிக்கு வீட்டுல போயிட்டு வர்றது. அடுத்தது ரெண்டு மணிக்குத்தான். ரப்பரா இருந்தப்ப மரம் மறைச்சிக்கும். இங்க என்னத்த மறைக்கிறது, இந்தக் கன்னுக்குட்டிப் பனையா?”

“மண்டோர்கிட்ட சொன்னா திரும்பிக்க மாட்டாரா?”

“அவருக்கு எங்கள எண்ணுறதுதான வேல. திரும்பிக்கிட்டு எப்படி எண்ணுவாரு?”

சுப்பையா தூரத்திலிருந்தே கேட்டார்: “நான் என்னம்மா பண்ணட்டும், கண்ணுல துணியக் கட்டிக்கச் சொல்றியா?”

அஞ்சலை அப்போதுதான் வாயைத் திறந்தாள். “குடிச்சா தாங்காதுய்யா. குடிக்கலன்னா தாங்கும். அதான்.”

ஒன்பது மணி நேரம். அவளுடைய கிட்னி தப்பான வேலை எதுவும் செய்யவில்லை. தண்ணீர் வரவில்லை என்றதும் இருக்கிற தண்ணீரைச் சேமித்து, அழுக்கைக் கெட்டியாக்கி, துளித்துளியாகக் கீழே அனுப்பியது. அந்தக் கெட்டிச் சிறுநீர் பையில் மணிக்கணக்காகத் தேங்கி நின்றபோது கிருமிகள் பெருகி மேலே ஏறின. இதைப் பாடப் புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதித் தேறியவன் நான். பெரட்டில் கிட்னிக்குள் போகும் தண்ணீரைப் பற்றிப் பேசினேன். வெளியே வருவதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

4. நான் தோற்ற கணக்கு

அன்று பகலே மேனேஜரைப் பார்த்தேன். கிள்ளானில் படித்த தமிழர். கத்தமாட்டார், பென்சிலை எடுப்பார்.

“மறைப்பு கட்டணும், ரெண்டு தடவ நிறுத்தணும். ஒரு தடவைக்கு எத்தன நிமிஷம்?”

“பதினஞ்சு சார்.”

“பதினோரு பேரு. ஒரு நாளைக்கு அஞ்சர மணி நேரம் போவுது டிரஸர்.”

“ரெண்டு மாசத்துல இருபத்து மூணு நாள் எம்.சி. போயிருக்கே சார்.”

“ரெண்டு மாசத்துல அம்பது வேல நாள். அஞ்சரையால பெருக்குங்க. இருநூத்தி எழுபத்தஞ்சு மணி. ஒரு ஆளுக்கு நாளைக்கு ஏழு மணி. நீங்களே வகுங்க.”

வகுத்தேன். “முப்பத்தொன்பது நாள் சார்.”

“அப்ப?”

எழுந்து வந்துவிட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எண்களைக் காட்டி ஜெயிக்கலாம் என்று போனவன் எண்களாலேயே தோற்றேன். அஞ்சலையின் இடது கிட்னியை அந்தக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

நேராக ஸ்டோருக்குப் போனேன். பன்னிரண்டு கெஜம் கென்வஸ் துணி, நாலு இரும்புக் குழாய், கயிறு கேட்டேன். ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி எதற்கு என்றார். க்ளினிக்குக்கு என்றேன். மேனேஜர் கையெழுத்து அப்புறம் வரும் என்றும் சொன்னேன். அது வராது என்று எனக்குத் தெரியும்.

நாலு பக்கமும் மறைப்பு, மேலே திறப்பு. கேங்க் நகர நகரப் பிடுங்கி நடலாம். உள்ளே குழி தோண்ட ஒரு மண்வெட்டி. முதல் நாள் யாரும் அதன் பக்கமே போகவில்லை. மண்டோர் பத்தடி தள்ளி நின்றார். ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் அவர் தோட்டத்து ரோட்டுக்குப் போய் அந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

“என் மானம் போச்சி டிரஸரே. போற வர்றவன் எல்லாம் மண்டோருக்குத் தண்டனையான்னு கேக்கிறான்” என்றார்.

“போவட்டும் மண்டோரே, எங்களுது இத்தன நாளா போயிக்கிட்டுத்தான இருந்திச்சி” என்றாள் ராக்கம்மா.

அடுத்த நாள் 22 போத்தல்களில் 14 நிறைந்து வந்தன. நாலாம் நாள் 6. இரண்டாவது வாரத்தில் ஒன்றும் இல்லை. லயத்துப் பிள்ளைகளுக்கும் போகவில்லை என்று பாக்கியத்திடம் விசாரித்துக்கொண்டேன்.

மே 3, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. மேனேஜரின் லேண்ட் ரோவர் ஏழாம் நம்பர் காட்டுக்கு வந்தது. நான் போத்தல் பார்க்க வந்திருந்தேன். ரோட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சுப்பையாவைப் பார்த்தார். தூரத்தில் கென்வஸைப் பார்த்தார். வெளியே ஐந்து பேர் முறைக்காக நின்றிருந்தார்கள். இறங்க ஒரு காலை வெளியே வைத்தவர் அதை உள்ளே இழுத்துக்கொண்டு, வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கடிதம் வந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஸ்டோர் பொருள் எடுத்ததற்கு எச்சரிக்கை. பொருளின் விலை என் சம்பளத்தில் பிடிக்கப்படும். மறைப்பைப் பிரிக்கச் சொல்லி ஒரு வரியாவது இருக்கிறதா என்று மூன்று முறை படித்தேன். இல்லை.

மே கடைசியில் அஞ்சலையின் சிறுநீர் 1014. காய்ச்சிப் பார்த்தேன், எதுவும் திரளவில்லை. 1989-இல் நான் ஓய்வு பெறும் வரை அவள் மூன்றாவது முறை அந்தக் காய்ச்சலோடு வரவில்லை.

க்ளினிக் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோயாளி சொன்னபடி கேட்கவில்லை என்றால், சொன்னவன் அவள் வேலை செய்யும் இடத்தில் ஒரு காலைப் பொழுது நின்று பார்க்க வேண்டும். நிற்பதற்கு முன்னால் இரண்டு கோப்பை குடித்திருக்க வேண்டும்.

கென்வஸ் 50 வெள்ளி 40 காசு, குழாய் 14 வெள்ளி, கயிறு 1 வெள்ளி 80 காசு. மே, ஜூன் இரண்டு மாதச் சம்பளத்தில் பாதிப் பாதியாகப் பிடித்தார்கள். ஆகமொத்தம் 66 வெள்ளி 20 காசு.