மிளகாய் இல்லாத கல்யாணம்

கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் சக பாவிகளே, நம் தொழிலில் அடுப்புச் சூடு பழகிவிடும். பந்தியிலிருந்து வரும் பேச்சு மட்டும் எத்தனை வருஷமானாலும் பழகாது.

அடித்த பட்டியல்

கீழக்குயில்குடியில் ஒரு விவசாயக் குடும்பம். பெண், செல்லூரில் ஒரு சௌராஷ்டிரப் பையனை விரும்பினாள்; இரண்டு வீடும் ஒரு வழியாகச் சம்மதித்திருந்தன. சம்பந்தி வீட்டார் அசந்துபோக வேண்டும் என்று பெண்ணின் அப்பாவுக்கு ஆசை. செல்போனில் எதையோ படித்துவிட்டு, "வெள்ளைக்காரன் கப்பல்ல வந்தது அம்புட்டும் வேணாம்மா. சுத்தமா நம்ம சாப்பாடு போடணும்" என்று என் பட்டியலை வாங்கி அடிக்க ஆரம்பித்தார். உருளைக்கிழங்கு போனது, தக்காளி போனது, முந்திரி போனது. பேரிலேயே பரங்கியன் இருக்கிறானே என்று பரங்கிக்காயும் போனது.

கடைசியில் மிளகாயையும் அடித்தார். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்ததாம். இருபது வருஷமாக ஒவ்வொரு தாளிப்பிலும் கிள்ளிப் போட்ட மிளகாய் நம்முடையது இல்லை என்று அன்றுதான் தெரியும். என்னிடம் தலைமைச் சமையல்காரராக இருக்கும் பாண்டியண்ணன் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுல மிச்சம் என்ன இருக்கு, இலையும் தண்ணியுந்தான?"

முதல் பந்தி

மிளகுக் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பாகற்காய், சேப்பங்கிழங்கு, பாசிப்பருப்புப் பாயசம் என்று போட்டோம். ருசியில் குறையில்லை. மாப்பிள்ளையின் அத்தை இலையைப் பார்த்தார், ஒரு வாய் வைத்தார், கையை உதறி எழுந்தார். அவரோடு அந்த வரிசையே எழுந்தது. செத்தவர்களுக்குத் திதி கொடுக்கும் நாளில், மிளகாய் தக்காளி சேர்க்காமல் அவர்கள் வீட்டில் இப்படித்தான் சமைப்பார்களாம். பெண்ணின் அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாலி கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

பாண்டியண்ணன் பக்கத்துக் கடைக்கு ஓடினார். தக்காளி ரசமும் உருளைக்கிழங்குக் காரக்கறியும் தயாரானதும் பெண்ணே மாலையோடு வந்து பரிமாறினாள். அவள் முகத்துக்காக அத்தை உட்கார்ந்து சாப்பிட்டார். ஆனால் எழுந்தபோது அவர் கேட்டது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"யாரு திவசத்துக்கும்மா எங்களை வரச் சொன்னீங்க?"

ருசி பார்த்தவர்

சில மாதம் கழித்து ஆனையூரில் ஒரு புதுமனை புகுவிழா. பாண்டியண்ணன் உள்ளங்கையில் சாம்பார் ஊற்றி நக்கியவர், துப்பிவிட்டார். காரம் எரிகிறது என்றார். நானும் ருசி பார்த்தேன். காரம் கம்மியாகத்தான் இருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். வாலிப வயசிலிருந்து புகையிலை அதக்கி வைத்த கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு புண். மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். புற்றுநோய் என்றார்கள்.

ஆபரேஷன் செய்து பிழைத்துக்கொண்டார். இப்போது கஞ்சிதான் ஆகாரம்; கரண்டியைத் தொடுவதில்லை. பார்க்கப் போன அன்று, புகையிலையும் அதே போர்ச்சுக்கீசியர் கப்பலில்தான் வந்ததாம் என்று சொன்னேன். ஒரு பக்க வாயால் மெதுவாகச் சொன்னார்.

"மிளகாயைக் கொண்டாந்தவன் அதோட நிறுத்தியிருக்கலாம், தங்கச்சி."

கப்பல்காரர்கள் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, அவர்கள் இறக்கிவைத்த சரக்கோடுதான் நாம் இன்னும் மாரடித்துக்கொண்டிருக்கிறோம்.