பசியை மறந்த உடலும் என் கோபமும்

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனின் பெருமைகளைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கையில் முதலில் வருவது என் தவறுதான்.

அண்ணன் முள்ளிப்பட்டில் பிறந்தார். அப்பா தவறியபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. அப்பாவின் நெசவுத் தறியில் உட்காரப் பொறுமையில்லாத அவர், ஆரணியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனார். அந்த உழைப்பில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். பெரணமல்லூரில் எனக்கு வேலை கிடைத்த பிறகே அவர் திருமணம் செய்துகொண்டார். பிள்ளையில்லாத குறையை அண்ணியிடம் ஒருநாளும் காட்டியதில்லை. ஆலையில் யாருக்காவது முதுகு பிடித்துக்கொண்டால், அவர்கள் பங்கையும் தூக்கிவிட்டுச் சொல்லாமல் வருவார்.

ஐம்பத்தெட்டாம் வயதில் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. வேலூரில் சிகிச்சை தொடங்கியது. வலி மருந்துக்கு அடங்கியது, உடம்புதான் தேறவில்லை. தோளும் தொடையும் வாரத்துக்கு வாரம் கரைந்தன.

ஒரு ஞாயிறு மதியம், அவருக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து எடுத்துப் போனேன். இரண்டு வாய் உண்டுவிட்டுத் தட்டை நகர்த்தினார்.

“போதும் பாப்பா. எறங்கல.”

பள்ளியில் பிள்ளைகளை அதட்டிப் பழகிய வாய் என்னுடையது. “சாவணும்னு முடிவு பண்ணிட்டியாண்ணா? அண்ணி தெனம் அழுதுகினு இருக்காங்க. உனக்கு மனசே இல்லியா?” என்றேன்.

அண்ணன் தட்டைத் திரும்ப இழுத்து, குனிந்த தலை நிமிராமல் முழுவதையும் உண்டார். சற்று நேரத்தில் பின்கட்டுக்கு ஓடி அத்தனையும் வாந்தி எடுத்தார். அண்ணி அவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போதும் கோபம் தணியவில்லை. வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். இரண்டு வாரம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை, போனிலும் பேசவில்லை.

அடுத்த சிகிச்சைக்கு அண்ணி கூப்பிட்டதால் துணைக்குப் போனேன். மருத்துவரிடம், “சாப்பிடவே மாட்டேன்றார். நீங்களாவது சொல்லுங்க டாக்டர்” என்று முறையிட்டேன். இளம்பெண்ணான அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

“பசி எடுக்க வயித்துல ஒரு ஹார்மோன் சுரக்கும். அவருக்கும் சுரக்கலாம். ஆனா இந்த நோயால உண்டாகுற சில பொருளுங்க, அந்தச் சேதிய மூளை கேக்காம பண்ணிடும். ரெண்டு வாய்லயே வயிறு ரொம்பின மாதிரி இருக்கும். வற்புறுத்தி ஊட்னாலும் கரைஞ்ச சதை திரும்பாது. அவர் அடம் பிடிக்கலீங்க.”

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப இது என் தப்பு இல்லீங்களா?”

“இல்லவே இல்லீங்க.”

“நான்தான் மனசு வுட்டுட்டேன்னு நெனச்சிகினு இருந்தேம்மா” என்றார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். அந்தப் பழியை அவர்மேல் போட்ட நான் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “வுடு பாப்பா. நீ காலைல சாப்டியா?” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அதன்பின் மூன்று மாதம் இருந்தார். கேட்டபோது மட்டும் அண்ணி இரண்டு கரண்டி மோர்க்கஞ்சி கொடுப்பார். ஒரு மாலை, அண்ணியின் கையைப் பிடித்தபடியே அமைதியாக அடங்கினார்.

வேலூருக்கு உடன் வந்த ஆலைத் தோழர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எல்லாவற்றையும் தாங்கிய அண்ணிக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் தட்டை நகர்த்தினால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டிருங்கள். கோபத்தில் நான் போகாமல் விட்ட அந்த இரண்டு வாரத்தை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?