பீரோ இல்லாத பெனடிக்ட்

அனுமந்தன்பட்டி பெனடிக்ட்டுக்கு இருபத்தாறு வருடமாக ஒரு பட்டப்பெயர் உண்டு: பீரோ பெனடிக்ட். பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றைக் கனத்த பிளைவுட் கூட்டுக்குள் அடைத்து, அதன் தலையில் ஓர் ஆம்ப்ளிஃபயரை ஏற்றி வைத்தால், அதுதான் அந்த பீரோ. எடை எண்பத்திரண்டு கிலோ. உத்தமபாளையத்துப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆய்வக உதவியாளராக இருக்கிற மனிதர், எடை விஷயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்ல மாட்டார். வாழைக்காய் மண்டித் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

கம்பத்தில் இருக்கிற இன்னிசைக் குழுவில் அவர் பேஸ் கிடார் வாசிக்கிறார். தடித்த நாலு கம்பி. அந்தச் சத்தத்துக்கு இந்தப் பக்கத்துச் சனங்கள் ‘கும்மு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் தட்டும். பாடகிக்குக் கைதட்டுவார்கள், டிரம்ஸுக்கு விசிலடிப்பார்கள், கும்முக்கு மட்டும் இதுவரை ஒருத்தரும் கைதட்டியதில்லை. போகட்டும், அந்த வருத்தம் அவருக்கு முதல் ஐந்து வருடத்திலேயே மரத்துவிட்டது.

மரத்துப்போகாதது வேறு. அந்தக் குழுவில் அவரவர் சாமானை அவரவர்தான் தூக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. புல்லாங்குழல்காரர் அதை ரொம்ப ஞாயமாகச் சொல்வார். பாடகியும் சொல்வார். பாடகிக்கு என்ன சாமான்? ஒரு பாட்டு நோட்டு, ஒரு தண்ணீர் பாட்டில். பெனடிக்ட் மட்டும் எண்பத்திரண்டு கிலோவை இரண்டு நடையாக மேடைக்கு ஏற்றி, இரண்டு நடையாக இறக்குவார். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, ‘என்னண்ணே லேட்டு’ என்று கேட்பார்கள். இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

அந்த பீரோவை வைத்துக்கொண்டு ஒரு மனிதனால் கோபித்துக்கொண்டு போகவும் முடியாது. ஒருமுறை கல்யாண வீட்டில் குழுவுக்குச் சட்டி வழித்த சாம்பாரை ஊற்றினார்கள். கீபோர்டுக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விருட்டென்று போய்விட்டார். எல்லோரும் அவருடைய ரோசத்தை மெச்சினார்கள். பெனடிக்ட்டுக்கும் ரோசம் வந்தது. ஆனால் பீரோவை ஏற்ற வேண்டிய குட்டியானை வண்டி வர இரண்டு மணி நேரமாகும் என்று டிரைவர் சொல்லிவிட்டான். அவர் உட்கார்ந்து அந்தச் சாம்பாரைத்தான் சாப்பிட்டார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கடமலைக்குண்டில், மேடைக்குப் போட்ட பலகையில் பீரோவை ஏற்றும்போது இடுப்பில் ‘மளுக்’கென்றது. தேனி டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, இனிமேல் கனம் தூக்கினால் காலுக்கு நான் பொறுப்பில்லை என்றார். பெனடிக்ட் இருபது நாள் கட்டிலில் கிடந்தார். குழுத் தலைவர் சூரியபிரகாஷ், வயதில் பதினைந்து வருடம் இளையவர், ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, “அண்ணே, பெட்டி எங்க இருக்கு? அடுத்த வாரம் சின்னமனூர்ல புரோகிராம் இருக்கு.”

அன்றைக்கே பெனடிக்ட் முடிவெடுத்துவிட்டார். என்ன வாங்குவது என்று தேடித் தெளிய அவருக்கு மூன்று வருடம் பிடித்தது. அதுவரை இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு பழைய பீரோவைத்தான் தூக்கினார். கடைசியில் குமுளி வழியாகக் கோட்டயம் போய், ஒரு கடையில் புதுசாக ஒன்று பார்த்தார். ஆம்ப்ளிஃபயர் பாடப்புத்தகம் அளவுதான், கிடார் பைக்குள்ளேயே அடங்கிவிடும். உள்ளே கனத்த டிரான்ஸ்பார்மர் கிடையாது. பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் பெட்டியில் புது வகைக் காந்தம், எடை பதின்மூன்று கிலோ. இரண்டு கையாலும் தூக்கப் போன பெனடிக்ட்டைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார். “சேட்டா, ஒரு கை மதி.” மதி என்றால் போதும் என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்குத் தெரியாது? ஆனால் பெனடிக்ட்டுக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து இறக்கியதும் மனைவி அனிதா மேரி முகத்தைச் சுளித்தாள். “ஏங்க, இதென்ன டிபன் கேரியர் கணக்கா இருக்கு?” பெனடிக்ட் அடிக்கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். சமையலறை ஸ்டாண்டில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுத்தன. அனிதா மேரி ஓடிப்போய் மாதா படத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பழைய ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் போடியில் ஒரு கோவிலுக்கு விலைக்குப் போயின. வெறும் கூடு வீட்டுக்குப் பின்னால் நின்றது. ஸ்பீக்கர் இருந்த ஓட்டை வழியாக அனிதா மேரியின் கருங்கோழி உள்ளே குடியேறியது.

ஒத்திகையில் புதுப்பெட்டியைப் பார்த்த சூரியபிரகாஷுக்கு முகம் செத்துவிட்டது. “சத்தம் நல்லாத்தாண்ணே இருக்கு. முன்னயவிடச் சுத்தமா இருக்கு. ஆனா பாக்குறதுக்கு ஒண்ணுமில்லையே.”

“பாக்குறதுக்கா வாசிக்கிறோம்?”

“சுருளிப்பட்டித் திருவிழாவுல கமிட்டிக்காரக பெட்டிய எண்ணுவாகண்ணே. எட்டுப் பெட்டின்னு பேசியிருக்கு. இத ஒரு பெட்டின்னு எண்ண மாட்டாக. பழச எடுத்துட்டு வாங்க. வெறும் கூடா இருந்தாலும் மேடையில நிக்கட்டும்.”

“வெறும் கூட்ட நான் சொமக்கணுமா?”

“இல்லைன்னா விடுங்க. கீபோர்டுல எடது கைய வச்சு பேஸ் போட்டுக்குறோம். இப்ப எல்லா எடத்துலயும் அப்படித்தான்.”

இருபத்தாறு வருடத்தை ஒருவன் இடது கையால் தள்ளிவிட்டுப் பேசுகிறான். பெனடிக்ட்டுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குழுவில் இல்லையென்றால் அவர் யார்? பள்ளியில் சோதனைக்குழாய் கழுவுகிற ஆள். அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டார்.

திருவிழா அன்று மாலை ஐந்து மணிக்கு, பள்ளியிலிருந்து நேராக வந்து சுருளிப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினார். தோளில் கிடார், ஒரு கையில் பெட்டி. மேடையில் ஏறியதும் திகைத்துப்போனார். நடுவில் அவருடைய பழைய கூடு நின்றது, ஓட்டை தெரியாமல் ஜிகினாத் துணி போர்த்தி, குழுவின் பெயர் ஒட்டி. அவர் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் வண்டியோடு வந்து, ‘அண்ணன் எடுத்துட்டு வரச் சொன்னாக’ என்று அனிதா மேரியிடம் பொய் சொல்லித் தூக்கி வந்திருக்கிறார்கள். தூக்கியது எத்தனை பேர்? நாலு பேர். புல்லாங்குழல்காரர் உட்பட. எண்பத்திரண்டு கிலோவுக்கு நீளாத கை, வெறும் கூட்டுக்கு நாலு ஜோடியாக நீண்டிருக்கிறது. இதைவிடவா ஒரு மனிதனை அவமானப்படுத்த முடியும்?

கமிட்டித் தலைவர் கருத்தக்கண்ணன் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி எண்ண வந்தார். பெனடிக்ட் தன் பெட்டியைக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கருத்தக்கண்ணன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, கூட்டைத் தட்டிக்கொடுத்தார். “ஆறு, ஏழு, எட்டு. பெட்டின்னா இது பெட்டி. கும்மு என்னமா வருது பாரு. ஆமா, இந்தச் சின்னது என்ன, யாரு சாப்பாடு கொண்டாந்தது?”

அதற்கு மேல் பெனடிக்ட்டால் முடியவில்லை. “அய்யா, அந்தத் துணிக்குள்ள கைய விட்டுப் பாருங்க.”

“எதுக்குப்பா?”

“விடுங்க. கும்மு எங்கன இருந்து வருதுன்னு தெரியும்.”

கருத்தக்கண்ணன் துணியை விலக்கித் தோள்வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். வெளியே எடுத்தபோது விரலெல்லாம் மஞ்சள் கரு, முழங்கையில் வைக்கோல். சூரியபிரகாஷ் பக்கம் திரும்பினார். “ஏலே, ஊர ஏமாத்த வந்தியா?”

சூரியபிரகாஷ் பல்லைக் கடித்துக்கொண்டு பெனடிக்ட்டிடம் வந்தார். “மானத்த வாங்கிட்டீகள்ல. நீங்க வேணாம். கீபோர்டுலயே பாத்துக்கிறோம்.”

பெனடிக்ட் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினார். கிடாரைத் தோளில் போட்டார், பெட்டியை ஒரு கையில் தூக்கினார், மேடையை விட்டு இறங்கி நடந்தார். வண்டிக்குக் காத்திருக்கவில்லை, யாரையும் கை கொடுக்கச் சொல்லவில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவர் கோபித்துக்கொண்டு போகிறார். இனி மேடையே கிடையாது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் நடை நிற்கவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது பின்னால் முதல் பாட்டு தொடங்கியது. பாடகியின் குரல் நன்றாகத்தான் கேட்டது. பாதிப் பாட்டில் நின்றுவிட்டது. சற்று நேரத்தில் கருத்தக்கண்ணன் வேகமாக வந்தார். கையை இன்னும் சரியாகக் கழுவவில்லை.

“ஏப்பா, பாட்டு ஓடுது, நெஞ்சுல ஒண்ணுமே தட்டலையே. கும்ம எங்கன கொண்டு போற?”

பெனடிக்ட் கையிலிருந்த பெட்டியைக் காட்டினார். “இதுலதான் இருக்கு. நீங்க எண்ணாத பெட்டியில.”

“எண்ணிக்கிறேன்ப்பா. வா.”

பின்னாலேயே வந்த சூரியபிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பெட்டியை வாங்கக் கையை நீட்டினார். பெனடிக்ட் கொடுக்கவில்லை, தானே தூக்கிக்கொண்டு மேடைக்குத் திரும்பினார். கூட்டின் மேலிருந்த ஜிகினாத் துணியை உருவி எறிந்தார். கூட்டைப் படுக்கப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, இடுப்பைச் சாவகாசமாகச் சாய்த்துக்கொண்டு கம்பியைத் தட்டினார். முன்வரிசையில் இருந்த கருத்தக்கண்ணன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

“உக்காந்தாண்ணே வாசிக்கப் போறீக?” என்றார் சூரியபிரகாஷ், மெதுவாக.

“உக்காந்துதான். முடிஞ்சதும் இத நீங்க நாலு பேரும் தூக்கிட்டுப் போயி, எங்க வீட்டுக்குப் பின்னால எடுத்த எடத்துலயே வைக்கணும்.”

“நாளைக்கு வச்சாப் போதாதாண்ணே?”

“போதாது,” என்றார் பெனடிக்ட். “கோழி தேடிக்கிட்டிருக்கும்.”