நானூற்று ஐந்து கோடுகள்

என் நாட்குறிப்பில் ஒரு வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் “சேலையூர், கறுப்பு வெள்ளை மானிட்டர், 405” என்று மட்டும் இருக்கிறது. மீதியை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

சேலையூரில் நான் பார்க்கப் போனவர் ஒல்லியான டிவி மெக்கானிக். நம் ஊர்ப் பழைய டிவி 625 கோடுகளில் படம் வரையும். அந்த மானிட்டரை, இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இருந்த 405 கோடுகளுக்கு அவர் மாற்றிக்கொண்டிருந்தார். கோடு வரையும் வேகத்தைக் குறைக்கும்போது தவறினால், கையில் இருந்த ஒரே பிக்சர் டியூப் போய்விடும். வலது கைதான் வேலை செய்தது. இடது கை பேண்ட் பாக்கெட்டிலேயே இருந்தது.

“அந்தக் கைக்கு லீவா சார்?” என்றேன்.

“ரெண்டு கையும் உள்ள விட்டா கரண்ட் நெஞ்சு வழியா போவும் சார்.”

காபி கொண்டுவந்த அவர் மனைவி சொன்னார்: “எல்லாரும் கோடே தெரியக்கூடாதுன்னு டிவி வாங்குறாங்க. இவரு கோடு எண்ணுறதுக்கு உயிரக் குடுக்கிறாரு!”

“எண்ணுனாதாம்மா ப்ரூஃப்.”

திருகைத் திருப்பினார். சாய்ந்து ஓடிய படம் நின்றது. லென்ஸை வைத்து, உதடு அசைய, வெகுநேரம் எண்ணினார்.

“முந்நூத்தி எழுபத்தேழு.”

“மீதி இருபத்தெட்டு எங்க?” என்றார் மனைவி.

“அது, வரைஞ்சு முடிச்ச புள்ளி கீழேர்ந்து மேல திரும்பிப் போற நேரம். படத்துல வராதும்மா. கணக்கு சரிதான்.”

லென்ஸை என்னிடம் நீட்டினார். இரண்டு முறை எண்ணினேன். இரண்டு முறையும் நூற்றைத் தாண்டியதும் கோடு தவறிவிட்டது. 377 என்பது அவர் எண்ணியது. நான் இன்னும் சரிபார்க்கவில்லை.