தாடி மறைத்த தாடை

போன சனிக்கிழமை பல் டாக்டரிடம் போயிருந்தேன். பல்வலி எனக்கில்லை... காலடிப்பேட்டையில் என் பக்கத்து வீட்டுக்காரர் தேவராஜ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், கையைப் பிடித்து இழுத்துப் போனார். "நீ இங்கிலீஷ்ல கேளு மாமு. அப்பதான் மரியாதை!"

டாக்டரம்மா நல்ல தமிழில் பேசினார். என் வேலை அத்தோடு முடிந்தது.

பிரச்சினை தேவராஜின் மகள் சுகன்யாவுக்கு. ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் 'தேங்காய்த் துருவி' என்று கூப்பிடுகிறார்களாம். வாயைப் பொத்தாமல் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"மேல்பல்லு எத்திக்கினு கீது. உள்ள தள்ளி வுட்ருங்க. எல்லாம் இவ வூட்டு சைடு!" என்று தேவராஜ் மனைவியைக் காட்டினார். அஞ்சலை முறைத்தார்.

டாக்டர் சுகன்யாவைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார்.

"மேல்பல் சரியான இடத்துலதான் இருக்கு. கீழ்த்தாடைதான் பின்னாடி தங்கிடுச்சு. வளர்ற வயசு, இப்பவே கிளிப் மாதிரி ஒண்ணு போட்டா முன்னாடி வர வாய்ப்பிருக்கு. வளர்ச்சி நின்னுட்டா ஆபரேஷன் வரைக்கும் போகலாம்."

நாம் எப்போதும் இப்படித்தானே, முன்னால் நிற்பதையே குறை சொல்வோம்? சாக்கடைக்காக மனு கொடுக்க எங்கள் தெருவில் ஒருவர் முன்னால் போனார் – 'ரொம்பத் துள்ளுறான்' என்றோம். பின்னால் பதுங்கிய எங்களை யாராவது கேட்டார்களா?

"குடும்பத்துல யாருக்காவது இப்படி இருக்கா?" என்றார் டாக்டர்.

"எங்க வம்சத்துல சான்ஸே இல்ல" – தாடியை நீவிக்கொண்டே சொன்னார் தேவராஜ்.

"இந்தாளு மூஞ்சிய தாடி இல்லாம நானே பாத்ததில்ல டாக்டர்," என்றார் அஞ்சலை. "தாலி கட்டசொல்லவே இப்டித்தான். இவுரு அப்பா, அண்ணன், தம்பி... அல்லாருக்கும் தாடி!"

அந்தத் தாடிகளைப் பக்தி என்றல்லவா நினைத்திருந்தேன்!

"சார், கொஞ்சம் திரும்புங்க." டாக்டர் தாடிக்குள் விரல் வைத்துத் தொட்டுப் பார்த்தார். லேசாகச் சிரித்தார்.

தேவராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னா இப்போ? நான் வாழலியா? கல்யாண டைம்ல பாத்துக்கலாம். வா, வூட்டுக்குப் போலாம்!"

சுகன்யா எழுந்திருக்கவில்லை. வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள்.

"உனக்கு தாடி கீது நைனா. எனக்கு?"

தேவராஜ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பக்கம் திரும்பி, "எப்ப அளவெடுப்பீங்கம்மா?" என்றார்.

நான் எழுதும் இந்தப் பத்திக்கு மேலே இருக்கும் போட்டோவில் எனக்கும் தாடி இருக்கிறதே என்கிறீர்களா? அது... சும்மா ஸ்டைலுக்கு!