அண்ணன் தேர்ந்தெடுத்த ஒற்றை இருக்கை

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அவரைக் குடும்பத்தைத் தாங்கிய மூத்த பிள்ளையாகத் தெரியும். நம் வீட்டு விசேஷங்களில் பந்தல்கால் ஊன்றுவது முதல் பந்தி பார்ப்பது வரை முன்னால் நின்றவராகத் தெரியும். அவர் தம் கையாலேயே ஒரு விமானம் செய்து அதில் ஏறிப் பறந்தார் என்றால் இளையவர்கள் சிரிக்கிறார்கள். பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அதனால் அதை எழுதுகிறேன்.

அண்ணன் கோவில்பட்டியில் பிறந்தார். பாலிடெக்னிக் கடைசி வருடத்தில் அவர் இருக்கும்போது அப்பா காலமானார். அன்று முதல் அம்மா, தங்கைகள் இருவர், கடைக்குட்டியான நான், எல்லோரும் அவர் பொறுப்பு. எழுபதுகளின் தொடக்கத்தில் கத்தார் நாட்டுத் தோஹாவில் ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு டிராப்ட்ஸ்மேனாகப் போனார். தங்கைகளைக் கரையேற்றினார். பிறகு எனக்கும் விசா எடுத்து, ஸ்டோர் கீப்பர் வேலையும் வாங்கித் தந்தார். அங்கே நஜ்மா பகுதியில் அவரும் அண்ணியும் குடியிருந்த வீட்டின் முன்னறை என்னுடையது ஆயிற்று.

வெள்ளிக்கிழமை டூட்டி கிடையாது. காலையில் அண்ணனும் நானும் கடற்கரையோரம் நடப்போம், மீன் வாங்கி வருவோம். வாரம் முழுவதும் நான் காத்திருந்தது அதற்குத்தான். அந்த வெள்ளிக்கிழமைகளை என்னிடமிருந்து பறித்தவர் திரு. இராசரத்தினம்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். விமான நிலையத்தில் மெக்கானிக். கொழும்பில் இருந்த காலத்திலேயே விமானம் ஓட்டக் கற்றவர். அண்ணனுக்குச் சிறு வயது முதல் விமானத்தின் மேல் இருந்த ஆசை எனக்கே தெரியாது. அவரிடம் எப்படியோ அதைச் சொல்லியிருக்கிறார். ஊருக்கு வெளியே வெள்ளைக்காரர்கள் நடத்திய சிறிய ஃபிளையிங் கிளப்பில், விமானம் ஓட்டப் பழக அண்ணனைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். என்னையும் அவர் 'தம்பி' என்றே கூப்பிடுவார். எனக்குச் சுருக்கென்று தைக்கும். நான் அண்ணனுக்கு மட்டும்தான் தம்பி.

விலைக்கு விமானம் வாங்க நம்மால் ஆகாது, நாமே செய்தால் என்ன என்று இருவரும் முடிவு செய்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரைபடங்கள் தபாலில் வந்தன. கூடத்தில் விரித்து, நான்கு மூலையிலும் எவர்சில்வர் டம்ளர்களை வைத்துவிட்டுக் குனிந்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். முதல் வரைபடம் இரண்டு பேர் அமரும் விமானத்துக்கு. இரும்புக் குழாய்களை வெல்டு செய்து மேலே துணி போர்த்த வேண்டும். மற்றது முழுக்க மரமும் பிளைவுட்டும். சிறியது. ஒரே ஒரு இருக்கை.

இரண்டில் எது என்பதுதான் அடுத்த சில மாதங்கள் எங்கள் வீட்டில் பேச்சு.

இராசரத்தினம் இரட்டை இருக்கைக்காக மல்லுக்கட்டினார். "ஐசே, ரெண்டு சீட் எண்டால் நான் பக்கத்திலை இருந்து எல்லாத்தையும் பழக்கிவிடுவன். தனிய ஏறி என்ன செய்யப் போறீர்?" என்பார். எனக்கும் இரட்டை இருக்கைதான் வேண்டும். காரணம் வேறு. அந்தப் பக்கத்து இருக்கை கூடப்பிறந்தவனுக்கா, நேற்று வந்த சிநேகிதருக்கா? அண்ணியும் இரட்டை இருக்கைக் கட்சிதான். "கட்டுனவள வீட்ல விட்டுட்டு ஊரானக் கூட்டிட்டுப் பறக்கவா இம்புட்டுப் பாடு?" என்று அடுக்களையிலிருந்தே கேட்பார். விமானத்துக்கு அண்ணி வைத்த பெயர் சக்களத்தி. இன்னும் செய்யவே தொடங்காத ஓர் இருக்கைக்காக மூன்று பேர் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "அண்ணே, ரெண்டாவது சீட்டு யாருக்கு?"

"மொதல்ல அது தரையை விட்டுக் கெளம்பட்டும்ல" என்று சிரித்தார்.

அண்ணன் அவசரப்படுகிறவர் அல்லர். பழைய ஜெர்மன் கார் ஒன்றின் இன்ஜின்தான் எங்களுக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தது. தோஹா வெயிலில் காற்று மெலிந்துபோகும், இறக்கைக்குப் பிடிப்புக் குறையும், அந்த இன்ஜின் இரண்டு ஆட்களை இழுக்குமா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார். மரம் இந்த ஊருக்குத் தாங்குமா என்பதையும் சோதித்தார். பிசின் போட்டு ஒட்டிய மரச்சட்டங்களை மொட்டை மாடியில் கோடை முழுவதும் காயவிட்டார். பிறகு ஏ.சி. அறையில் கொண்டுவந்து போட்டார், மறுபடி மாடிக்கு ஏற்றினார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "ஒடிச்சுப் பாருல" என்றார். முழங்காலில் வைத்து ஒடித்தேன். மரம்தான் முறிந்தது. ஒட்டு விடவில்லை. அண்ணன் முகம் மலர்ந்ததை அன்று பார்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இராசரத்தினம் வந்து உட்கார்ந்ததும் அண்ணன் சொன்னார்: "கலாஸ், முடிவாயிருச்சு. ஒத்தச் சீட்டுதான்."

இராசரத்தினத்திடம் வெயிலையும் இன்ஜினையும் காரணமாகச் சொன்னார். அண்ணியிடம், "நான் கட்டுனது விழுந்தா நான் மட்டும் விழணும், ஒன்ன ஏத்த மாட்டேன்" என்றார். அண்ணி அடுக்களைக்குத் திரும்பிப் போனார். என்னிடம், தொழில்பேட்டையில் கிடைத்த ஷெட்டில் பெரிய இறக்கை நுழையாது என்றார். எனக்கு இருக்கை இல்லாதது வருத்தந்தான். ஆனால் இராசரத்தினத்துக்கும் இல்லை என்பதில் கிடைத்த திருப்தி அதைவிடப் பெரிது. அன்று மீன் குழம்பு ருசியாக இருந்தது.

திருப்தி நெடுநாள் நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார இடம் இல்லை என்று தெரிந்தும் இராசரத்தினம் வருவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் ஷெட்டில் அண்ணனுடன் வேர்வை சொட்ட நின்றார். அவர்களைத் தனியாக விடக் கூடாது என்றே நானும் போனேன். மரம் பிடித்தேன், பிசின் கலக்கினேன். இறக்கைகளின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கிப் பலம் பார்த்த அன்று மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இறக்கைத் துணியைத் தைத்துத் தந்தது அண்ணி. "சக்களத்திக்குச் சேலையும் நானே தைக்கணுமாக்கும்" என்று சொல்லிக்கொண்டே தைத்தார். ஒரு தையல்கூடக் கோணவில்லை.

சில ஆண்டுகள் சென்று, ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை காலை, கிளப்பின் ஓடுபாதையில் அண்ணன் அதில் ஏறி உட்கார்ந்தார். இராசரத்தினம் விமானத்தின் முன்புற விசிறியைக் கையால் சுழற்றிவிட்டு விலகினார். விமானம் குலுங்கிக்கொண்டே ஓடிற்று. பிறகு குலுக்கம் நின்றது. அண்ணி என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தியது. பாலைவனத்தின் மேல் வட்டமடித்துக் கடல் பக்கம் போய்த் திரும்பி வந்து இறங்கினார். ஓடிப்போய் அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை எங்கள் வீட்டில் நான் கண்டதில்லை. அது எங்களில் யாரையும் பார்க்கவில்லை. இராசரத்தினத்தையும் பார்க்கவில்லை. அன்று எனக்கு வானத்தின் மேலேயே பொறாமை வந்தது.

அதன் பிறகும் பல வெள்ளிக்கிழமைகள் பறந்தார். கம்பெனி அவரைச் சவுதியிலுள்ள யான்புவுக்கு மாற்றியபோது விமானத்தைக் கிளப்பிலிருந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஊர் திரும்பியதும் வீடு கட்டினார், பிள்ளைகளைப் படிக்கவைத்தார், அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சிறுநீரகக் கோளாறால் படுக்கையில் விழுந்த பிறகும், வந்தவர்கள் சாப்பிட்டார்களா என்றுதான் முதலில் கேட்பார்.

செய்தி கேட்டுக் கனடாவிலிருந்து இராசரத்தினம் வந்தார். தள்ளாத வயதில், கடைசி வாரம் முழுவதும் கட்டிலருகே நாற்காலியில் இருந்தார். நான் அறைக்குள் போனால் இருவர் பேச்சும் நின்றுவிடும். அப்போதும் எனக்கு அது தாங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அவர் புறப்படும்போது கேட்டேன். "ஷெட்டு சின்னதுன்னு எங்கிட்டச் சொன்னாரு. நெசம் அதுதானா?"

அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "ஷெட் பெரிசு, தம்பி. ரெண்டு விமானம் கட்டலாம். 'சின்ன வயசிலையிருந்து ஆக்களைச் சுமந்துகொண்டே போறன். ஒருக்கால் தனியப் போய் வரோணும். வந்து திரும்பவும் சுமப்பன்' எண்டு உம்மட அண்ணன் சொன்னவர்."

"கோவத்துல சொன்னாரா?"

"சீச்சீ, சிரிச்சுக்கொண்டுதான். 'தம்பிக்குச் சொல்லிப்போடாதையும். தன்னைப் பாரம் எண்டு நினைச்சுப்போடுவான்' எண்டும் சொன்னவர்."

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்க்கும், வீட்டை எங்களோடு சேர்ந்து தாங்கிய தெருவாருக்கும், தொலைவிலிருந்து வந்த உறவினர் அனைவர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆயுள் முழுவதும் அவரைத் தனியே விடாத எங்கள் அண்ணியை வணங்குகிறேன். திரு. இராசரத்தினத்துக்குத் தனியாக ஒரு நன்றி உண்டு. எங்கள் அண்ணனுக்கும் மனம்விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அவருக்குத் தோன்றியது. அந்த ஆள் நானாக இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆனாலும் அவர் இருந்தார். அதற்காக அவரைக் கைகூப்பித் தொழுகிறேன்.

— தம்பி